ஒளிப்படத்தால் பறவையினம் அறிதல்: இலங்கையும் வன்னியும்

காட்டுப் பறவையை ஒளிப்படத்தில் பார்த்து அதன் இனத்தை உறுதிசெய்வது பறவையியலில் இன்று தனியொரு கைத்திறனாக வளர்ந்திருக்கிறது. பறவை பறந்துபோன பிறகும் ஆறுதலாக இருந்து அலகு, கால், இறகு என ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். பார்த்தவர் பிழையான பெயர் சொல்லியிருந்தால், பல ஆண்டுகள் கழித்து இன்னொருவர் அதே படத்தைப் பார்த்துத் திருத்தலாம். வெறும் நினைவிலிருந்து எழுதிய குறிப்புக்கு இந்த வசதி கிடையாது.

இலங்கையில் படத்தைப் பார்த்துப் பறவைக்குப் பெயரிட்ட வரலாறு கமராவுக்கு முந்தியது. 1752 முதல் 1757 வரை ஒல்லாந்த ஆளுநராக இருந்த யோன் கிடியோன் லோட்டன், பீட்டர் கோர்னேலிஸ் டி பெவேரே என்ற ஓவியரைக் கொண்டு இங்குள்ள பறவைகளை வரைவித்தார். அந்த ஓவியங்கள் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தன. தோமஸ் பென்னன்ட் 1769இல் வெளியிட்ட 'இந்திய விலங்கியல்' நூலுக்கு அவையே ஆதாரம். வட இலங்கையின் வன்னிக் குளங்கள் வற்றும்போது மீனுக்குக் கூடும் மஞ்சள்மூக்கு நாரையும், கழுத்தை மட்டும் நீருக்கு மேலே நீட்டி நீந்தும் பாம்புத்தாராவும் இந்த வழியாகவே அறிவியல் உலகுக்கு அறிமுகமாயின.

அடுத்த நூற்றாண்டில் துவக்கு முன்னுக்கு வந்தது. வில்லியம் வின்சன்ட் லெக் 1878 முதல் 1880 வரை வெளியிட்ட இலங்கைப் பறவைகளின் வரலாறு மாபெரும் நூல்தான். ஆனால் அக்கால முறைப்படி, சுட்டுப் பதப்படுத்திய தோல்களை மேசையில் வைத்து ஒப்பிட்டே இனங்கள் பிரிக்கப்பட்டன. உயிருள்ள பறவையைத் தூர நின்று அடையாளம் காணும் வழியைப் பரவலாக்கியவர் அமெரிக்கரான ரோஜர் டோரி பீற்றர்சன். 1934இல் வந்த அவருடைய கையேடு, ஒவ்வோர் இனத்தையும் பிரித்துக்காட்டும் ஓரிரு அடையாளங்களைச் சிறு கோடிட்டுச் சுட்டியது. இலங்கையில் ஜீ. எம். ஹென்றி தாமே வரைந்த படங்களோடு 1955இல் ஒரு வழிகாட்டியை எழுதினார். இன்று படிக்கும்போதும் அவர் எழுத்தில் பறவை அசைகிறது.

கமராவால் பறவைகளைப் பதிவுசெய்யும் முயற்சியை இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1892இல் ஒரு கூட்டையும் முட்டைகளையும் படமெடுத்துத் தொடங்கினர். தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் பதிந்தார். இலங்கையில் மருத்துவர் ரி. எஸ். யூ. டி சில்வா இத்துறையின் முன்னோடி. அவருடைய ஒளிப்படநூல் 1984இல் வந்தது.

பிறகு, படத்தைப் பார்த்துப் பறவையின் பெயரைச் சொல்லும் கணினியின் முறை. அதற்கு முதலில் கற்பிக்கப்பட்டவை பெரும்பாலும் வட அமெரிக்கப் பறவைகள். 2011இல் ஆய்வாளர்களுக்காக வெளியான ஒரு தொகுப்பில் 200 இனங்களின் 11,788 படங்கள் இருந்தன. கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் கூடம் 2015இல் வெளியிட்ட மெர்லின் படக்கருவி அமெரிக்காவிலும் கனடாவிலும் காணும் 400 இனங்களை மட்டுமே அறிந்திருந்தது. அவரவர் ஊர்ப் படங்களை மக்கள் ஏற்ற ஏற்றத்தான் மற்றக் கண்டங்களின் பறவைகளும் அதற்குப் பிடிபட்டன. படம் வராத ஊரைக் கணினி அறியாது.

வன்னிக்கு இது பெரிய விசயம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் உள்ள உடையார்கட்டு, பெருங்குளமும் வயலும் காடும் சேர்ந்த ஊர். வடக்கே 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட சுண்டிக்குளம் இருக்கிறது. தென்கிழக்கே 1951இல் சரணாலயமான கொக்கிளாய். வலசைப் பறவைகள் மாரியோடு வந்திறங்கும் கரை இது. ஆயினும் நவீன வழிகாட்டி நூல்கள் உருவான ஆண்டுகள் இங்கே போர் ஆண்டுகள். 2009 ஜனவரியில் பாதுகாப்பு வலயமென அறிவிக்கப்பட்ட நிலத்துக்குள் உடையார்கட்டும் இருந்தது; அங்கேயும் எறிகணைகள் விழுந்தன. உயிரைக் காப்பதே பெரும்பாடாக இருந்த சனத்திடம் பறவைக் குறிப்பு எதிர்பார்க்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவை இப்போது எடுக்கப்படும் படங்கள்தான்.

நல்ல படம் என்பது அழகான படம் அல்ல. வயலில் நிற்கும் வெண்கொக்கு பெரியதா இடைத்தரமா என்ற கேள்விக்கு வாயின் பிளவு பதில் சொல்லும்: கோடு கண்ணைத் தாண்டிப் பின்னே போனால் பெரிய கொக்கு, கண்ணுக்குக் கீழேயே நின்றால் இடைக்கொக்கு. தனியே நிற்கும் பறவையின் உருவ அளவு படத்தில் ஏமாற்றும். இந்தக் கோடு ஏமாற்றாது. கரிக்குருவியின் இளம்பறவைக்கு வயிற்றில் வெள்ளை விளிம்புகள் இருப்பதால் அதை வெள்ளைவயிற்றுக் கரிக்குருவி என்று பதிந்துவிடுவதுண்டு. உள்ளான் இன்னும் கடினம். சேற்றில் பதுங்கியிருக்கும்போது எல்லா உள்ளானும் ஒன்றுபோலத்தான். பறக்கும்போது சிறகின் பின்விளிம்பில் தெளிவான வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சாதாரண உள்ளான். கோடு இல்லையென்றால், ஊசிவால் உள்ளானை உறுதிசெய்ய வாலை விரித்த ஒரு கணம் வேண்டும். ஓரத்து இறகுகள் ஊசிபோல் ஒடுங்கியிருப்பது அப்போதுதான் தெரியும். கண்ணுக்கு அகப்படாத அந்தக் கணத்தைத் தொடர்ச்சியாக எடுத்த படங்களில் ஒன்று பிடித்துத் தரும்.

மாலை வெயில் வெள்ளையை மஞ்சளாக்கும், நிழல் பழுப்பைக் கறுப்பாக்கும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பிப் பெயரிடுவது ஆபத்து. மெர்லின் போன்ற கருவி சொல்லும் பெயரும் ஊகமே. இடமும் திகதியும் கொடுக்காவிட்டால் இங்கு வரவே வராத பறவையைக்கூட அது முன்வைக்கும்.

உடையார்கட்டிலோ அயலிலோ படமெடுப்பவர்கள் மூலப்படத்தை வெட்டாமல் வைத்திருங்கள். திகதியையும் குளத்தின் பெயரையும் எழுதிச் சேர்த்துவையுங்கள். 2010 முதல் உலகெங்கும் திறந்துள்ள ஈ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில், அரிய பறவையை மட்டுமல்ல, ஆட்காட்டியையும் புலுனியையும்கூடப் பதியுங்கள். கூட்டுக்குக் கிட்டப் போகாதீர்கள். தாய்ப்பறவை எழும்பிப்போகும் அளவுக்கு நெருங்கித்தான் எடுக்க முடியும் என்றால், அந்தப் படத்தை விட்டுவிடுங்கள்.