மெக்சிகோவில் கண்ட 'பள்ளிவாசல்கள்'

ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்த்தேஸ் 1520ஆம் ஆண்டு மெக்சிகோவிலிருந்து தம் மன்னருக்கு நீண்டதொரு மடல் வரைந்தார். சோலூலா என்னும் நகரில் நானூறுக்கும் மேற்பட்ட கோபுரங்களைத் தாம் எண்ணியதாகவும், அவை யாவும் பள்ளிவாசல்களுடையவை என்றும் அதில் எழுதினார். அன்று அமெரிக்க மண்ணில் பள்ளிவாசல் ஒன்றுகூட இல்லை. அவர் கண்டவை அந்நாட்டுப் பூர்வகுடிகளின் கோவில்கள்.

அவர் வேண்டுமென்றே பொய்யுரைத்தார் என்று நான் கருதவில்லை. கிறிஸ்தவரல்லாதார் தொழுமிடம் என்றால் ஸ்பானியர் நினைவுக்கு முதலில் வந்தது அந்தச் சொல்தான். ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனடா வீழ்ந்தது 1492 ஜனவரியில். கொலம்பஸ் புறப்பட்டது அதே ஆண்டு ஆகஸ்டில். இந்தியாவை நாடிய அவர், அரபு அறிந்த லூயிஸ் தே தோரஸ் என்பவரை மொழிபெயர்ப்பாளராக உடன் கொண்டுசென்று, கியூபாவின் உட்பகுதிக்குத் தூது அனுப்பினார். அங்கே அரபு அறிந்தவர் எவருமில்லை. ஆயினும் அம்மக்களுக்கு 'இந்தியர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இக்குழப்பம் ஓவியத்திலும் புகுந்தது. ஜெர்மானிய ஓவியர் ஹான்ஸ் புர்க்மையர், பேரரசர் மாக்சிமிலியனின் வெற்றி ஊர்வலத்தைச் சித்திரிக்கும் மரச்செதுக்கு வரிசையில் 'கோழிக்கோட்டு மக்கள்' என்று சிலரை வரைந்தார். அவர்களுள் சிலர் இறகுகளால் ஆன ஆடை அணிந்திருக்கிறார்கள். மக்காச்சோளக் கதிரும் தென்படுகிறது. இறகாடை பிரேசில் பூர்வகுடிகளுடையது. மக்காச்சோளம் அமெரிக்கப் பயிர். புர்க்மையர் இந்தியாவையும் கண்டவரல்லர், அமெரிக்காவையும் கண்டவரல்லர்.

இனி நம் பக்கம் வருவோம். 1498இல் கோழிக்கோட்டில் இறங்கிய வாஸ்கோ ட காமாவின் குழுவினர், ஓர் இந்துக் கோவிலைக் கிறிஸ்தவ ஆலயம் என்று எண்ணி உள்ளே சென்று வழிபட்டார்கள். முஸ்லிம்களை மட்டும் உடனே இனங்கண்டு 'மூர்' என்றார்கள். வட ஆப்பிரிக்கரைக் குறித்த சொல் அது. ஐபீரியாவில் பல நூற்றாண்டுப் போரின் பகையைச் சுமந்த சொல். நாகப்பட்டினத்திலும் நாகூரிலும் தமிழ் பேசி, கப்பலோட்டி, கடல் வணிகம் செய்த நம் மரக்காயர்களுக்கு மொராக்கோவோடு என்ன உறவு? ஆயினும் போர்த்துக்கேயர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என வந்தவர் அனைவரின் ஏடுகளிலும் அவர்கள் 'மூர்'களே. வணிகப் போட்டியாளர், பெயரின் வழியே மதப் பகைவராகவும் ஆனார். இலங்கைச் சோனகரை அந்நாட்டுக் குடிமதிப்பு இன்றும் ஆங்கிலத்தில் அப்பெயராலேயே பதிகிறது.

தஞ்சைத் தமிழருக்கும் இதே கதிதான். மேற்குக் கரையின் 'மலபார்' என்ற பெயரைக் கிழக்குக் கரைக்கும் கொண்டுவந்து, தமிழையே 'மலபார் மொழி' என்றார்கள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அப்படித்தான் எழுதினார். எனினும் அவரிடம் ஒரு வேறுபாட்டைக் காண்கிறேன். அவர் தமிழ் கற்றார், ஓலைச்சுவடிகளைச் சேகரித்தார், இவ்வூர் மக்களின் வழக்கங்களைக் கேள்விகளாக எழுதி அனுப்பி, அவர்களிடமிருந்தே மடல்களாக விடை பெற்றார். அவர் மதம் பரப்ப வந்தவர் என்பதை மறப்பதற்கில்லை. ஆனாலும் கேட்டு எழுதியவர்.

அவ்வாறு திரட்டியதைக் கொண்டு, தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றிய நூலொன்றை 1713இல் முடித்து ஜெர்மனிக்கு அனுப்பினார். அதை அச்சிட ஹாலே நகரத்துத் தலைவர்கள் விரும்பவில்லை. புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர், அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்களின் எண்ணம். அந்நூல் அச்சேறியது 1867இல், சென்னையில்.