பிக்கப் வண்டியின் இரண்டாவது எரிபொருள் தொட்டி

பிக்கப் வண்டியின் பின்புறச் சரக்குத் தளத்தில், ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டி ஒரு கூடுதல் எரிபொருள் தொட்டியைப் பொருத்துவது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பண்ணைகளிலும் எண்ணெய் வயல்களிலும் பரவலான வழக்கம். பார்ப்பதற்கு அது ஓர் உலோகப் பெட்டி, அவ்வளவுதான். ஆனால் பிக்கப் வண்டியில் எரிபொருளை எந்த இடத்தில் வைப்பது என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் உயிரிழப்புகளும் நீதிமன்ற வழக்குகளும் உள்ளன.

இருக்கைக்கு அடியில்

ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி வண்டியில் பிக்கப் உடல் பொருத்தி, தொழிற்சாலையிலிருந்தே 281 டாலருக்கு விற்கத் தொடங்கியது 1925ஆம் ஆண்டில். அந்த வண்டியின் எரிபொருள் தொட்டி இருக்கைக்கு அடியில் இருந்தது. பெட்ரோலை ஏற்றித் தர பம்ப் கிடையாது. புவியீர்ப்பால் தானாகவே எஞ்சினுக்கு இறங்கி வரவேண்டும். செங்குத்தான மேட்டில் ஏறும்போது, தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்தால், எஞ்சின் தொட்டியைவிட உயரத்துக்குப் போய்விடும். பெட்ரோல் வராமல் வண்டி நின்றுவிடும். அதனால் பலர் வண்டியைத் திருப்பி, பின்னோக்கி மேடேறினார்கள்.

பம்ப் வந்தபின் இந்தத் தொல்லை நீங்கியது. ஆனாலும் பல பிக்கப் வண்டிகளில் தொட்டி ஓட்டுநர் அறையை விட்டு வெளியேறவில்லை. 1960களின் இறுதியிலும் இருக்கையின் முதுகுக்குப் பின்னால், பயணிகள் மூச்சுவிடும் அதே அறைக்குள், பெட்ரோல் இருந்தது.

சட்டத்துக்கு வெளியே

1973ஆம் ஆண்டு மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய பிக்கப் வண்டிகளை மாற்றியமைத்தபோது தொட்டியை அறையிலிருந்து அகற்றியது. அது நல்ல முடிவுதான். ஆனால் புதிய இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது சேஸிஸின் நீளச் சட்டத்துக்கு வெளிப்புறம். குதிரைச் சேணத்தின் இருபுறமும் பைகள் தொங்குவதுபோல, வண்டியின் பக்கவாட்டில் தொட்டி அமைந்தது. விரும்பியவர்கள் மறுபக்கத்துக்கு இரண்டாவது தொட்டியையும் வாங்கிக்கொள்ளலாம். பெட்ரோல் நிலையங்கள் தொலைவில் இருந்த பகுதிகளில் நீண்டதூரம் ஓட்டுபவர்களுக்கு இது பெரிய வசதி. அதே ஆண்டின் இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்து, நிலையங்களின் முன் வரிசைகள் நீண்டபோது, கூடுதல் கொள்ளளவின் அருமை இன்னும் கூடியது.

ஆபத்து அந்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு வண்டி பக்கவாட்டில் மோதினால், தொட்டிக்கும் மோதலுக்கும் நடுவே மெல்லிய தகடு மட்டுமே இருக்கும். வலுவான எஃகுச் சட்டமோ தொட்டிக்கு மறுபுறம். மோதும் வண்டிக்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையே தொட்டி நசுங்கும். இந்த அமைப்புடன் தொண்ணூறு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் சாலைக்கு வந்தன.

1989இல் ஜார்ஜியா மாநிலத்தில் இத்தகைய வண்டியை ஓட்டிச்சென்ற 17 வயது இளைஞர் ஒருவர், பக்கவாட்டு மோதலைத் தொடர்ந்து எழுந்த தீயில் இறந்தார். அவருடைய பெற்றோர் தொடுத்த வழக்கில், 1993 பிப்ரவரியில் அட்லாண்டா நடுவர் குழு 10 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு விதித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது.

அதே காலத்தில் எதிர்த்தரப்பும் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டது. 1992 நவம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியின் டேட்லைன் நிகழ்ச்சி, இந்த வண்டி மோதலில் தீப்பற்றுவதைக் காட்டியது. தீ நிச்சயமாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக வண்டிக்கு அடியில் தீமூட்டும் சிறு கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன என்பது பின்னர் வெளிப்பட்டது. 1993 பிப்ரவரியில் தொலைக்காட்சி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. உண்மையான குறையை நிரூபிக்கப் பொய்யான சோதனை தேவைப்பட்டிருக்காது. அந்த ஒரு காட்சியால் பேச்சு முழுவதும் தொட்டியை விட்டு ஊடக அறத்துக்குத் திரும்பிவிட்டது.

வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு அரசு கேட்டது, நிறுவனம் மறுத்தது. நடைமுறையிலிருந்த அரசுத் தரவிதிகளைத் தன் வண்டிகள் நிறைவு செய்தன என்பது அதன் வாதம். 1994 அக்டோபரில் போக்குவரத்துச் செயலர் ஃபெடரிகோ பேன்யா, இந்த அமைப்பில் பாதுகாப்புக் குறை உள்ளது என்று முதற்கட்ட முடிவை அறிவித்தார். டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது. பாதுகாப்புத் திட்டங்களுக்கு ஐந்து கோடி டாலருக்குச் சற்று மேல் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. வண்டிகள் திரும்பப் பெறப்படவில்லை. 1988ஆம் ஆண்டு மாடலாக வந்த புதிய பிக்கப் வண்டியிலேயே தொட்டி சட்டத்துக்கு உள்ளே போய்விட்டது என்பது கவனிக்கத்தக்கது.

சரக்குத் தளத்தில்

சட்டத்துக்கு உள்ளே இருக்கும் இடம் குறைவு. அதிக எரிபொருள் வேண்டுவோருக்கு மிஞ்சியிருந்தது பின்புறச் சரக்குத் தளம். அங்கு வைக்கப்படும் தொட்டிகள் இரு வகை. ஒன்று, டிராக்டருக்கும் பிற இயந்திரங்களுக்கும் வயலிலேயே டீசல் நிரப்ப, பம்பும் குழாயும் கொண்ட தொட்டி. மற்றொன்று, வண்டியின் சொந்தத் தொட்டியோடு இணைக்கப்பட்டு அதை நிரப்பிக்கொண்டே வருவது.

இரண்டாவது வகையில் பழைய மாடல் டி வண்டியின் புவியீர்ப்பு மீண்டும் வருகிறது. மேலே உள்ள தொட்டியிலிருந்து டீசல் கீழேயுள்ள முதன்மைத் தொட்டிக்கு இறங்கும். அது நிரம்பியதும் ஒரு வால்வு தானாக மூடிக்கொள்ளும். வணிக வாகனங்களுக்கான அமெரிக்க விதிகள், புவியீர்ப்பால் எரிபொருளை நேரடியாக எஞ்சினுக்குச் செலுத்துவதைத் தடை செய்கின்றன. அதனால் இடையில் முதன்மைத் தொட்டி இருந்தே ஆகவேண்டும். டீசலுக்கே இந்த அமைப்பு பெரும்பாலும் பயன்படுகிறது. பெட்ரோலின் ஆவி உறையும் குளிரிலும் தீப்பற்றக்கூடியது. டீசலுக்கு 50 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும்.

கொள்ளளவுக்கும் ஓர் எல்லை உண்டு. அபாயகரப் பொருள்களுக்கான கூட்டாட்சி விதிகளில் 119 கேலனுக்கு, அதாவது 450 லிட்டருக்கு மேல் திரவம் கொள்ளும் கலம் மொத்தக் கலமாகக் கருதப்படும். கடுமையான விதிகள் அதற்குப் பொருந்தும். எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 375 லிட்டர் டீசலின் எடை மட்டுமே ஏறத்தாழ 320 கிலோ. பாதி நிரம்பிய தொட்டியில் டீசல் முன்னும் பின்னும் அலைமோதுவதால், திருப்பத்திலும் பிரேக் போடும்போதும் வண்டியின் சமநிலை மாறும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பது இதனால்தான். தொட்டியை வெறும் தகட்டில் திருகாமல் உறுதியாகப் பிணைப்பதும் இதனால்தான்.

தொட்டி வாங்காமல் கேன்களில் பெட்ரோல் எடுத்துச் செல்பவர்களுக்கு வேறொரு ஆபத்து. சரக்குத் தளத்தில் கீறல் விழாமலிருக்க விரிக்கும் பிளாஸ்டிக் உறை மின்சாரம் கடத்தாது. நிரப்பும்போது கேனில் சேரும் நிலைமின்னூட்டம் தரைக்கு இறங்க வழியில்லாமல், பொறியாகப் பாய்ந்து பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும். இத்தகைய தீவிபத்துகளைத் தொடர்ந்து 1998இல் அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது. அது சொன்ன வழி எளியது: கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, குழாயின் முனை கேனின் வாயைத் தொட்டபடியே இருக்க நிரப்ப வேண்டும்.