உலைக்கு முன் ஒரு பிடி

கடவுளுக்கு முதலிடம் கொடுப்பது என்பது இன்றைய கிறிஸ்தவப் பேச்சில் பெரும்பாலும் மனநிலையைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ஆனால் அதன் பழைய பொருள் வயலையும் களத்தையும் அடுக்களையையும் சார்ந்ததாக இருந்தது. தமிழ் வேதாகமம் இதற்கு இரண்டு சொற்களைத் தருகிறது: விளைந்தவற்றில் முதலாவதைப் படைப்பது முதற்பலன், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பது தசமபாகம். இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணுவோர் பலர் என்றாலும், முன்னது வரிசையைப் பற்றியது, பின்னது அளவைப் பற்றியது. தசமபாகத்தைக் கணக்கிட விளைச்சல் முழுவதும் களத்துக்கு வந்து சேர வேண்டும், முதற்பலனோ மீதி என்னவாகும் என்று தெரியாத நிலையிலேயே கொடுக்கப்படுவது.

யூதர்களின் வாய்மொழிச் சட்டங்களைத் திரட்டி கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் நூலில், முதற்பலனுக்கென்றே ‘பிக்கூரிம்’ என்ற ஒரு பகுதி உள்ளது. தோட்டத்துக்குள் செல்லும் உடையவன் முதலில் பழுத்த அத்திப் பழத்தையோ திராட்சைக் குலையையோ மாதுளையையோ கண்டால், அதைப் பறிக்காமல் கொடியிலோ கிளையிலோ இருக்கும்போதே கோரைப் புல்லால் ஒரு கட்டுக் கட்டி, இது முதற்பலன் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்கிறது அது. பின்னர் ஊர் ஊராகக் கூடி, கொம்புகளில் பொன் பூசிய எருது முன்னே நடக்க, குழலோசையோடு எருசலேமுக்குச் சென்ற மக்களில் செல்வர்கள் பொன்னும் வெள்ளியும் பொதிந்த கூடைகளிலும், ஏழைகள் தோலுரித்த அலரி மிலாறுகளால் பின்னிய கூடைகளிலும் கனிகளைச் சுமந்தனர். ஆலய மலையை அடைந்ததும் அரசனேயானாலும் தன் கூடையைத் தன் தோளிலேயே ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது விதி. மழை பொய்க்கலாம், வெட்டுக்கிளி வரலாம், எஞ்சிய காய்கள் பிஞ்சிலேயே உதிரலாம். ஆயினும் கட்டப்பட்ட அந்தப் பழம் கட்டப்பட்டதுதான்.

கி.பி. 70-இல் உரோமர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்தபின் கூடைகளைக் கொண்டுசெல்ல இடமில்லாமற்போயிற்று. ஆதித் திருச்சபையின் ஒழுங்குநூல்களுள் மிகப் பழையதாகிய ‘டிடாக்கே’ இதற்கு ஒரு வழி சொன்னது: ஆலையிலும் களத்திலும் வருவதன் முதற்பங்கும், பிசைந்த மாவின் முதற்பங்கும் சபையில் போதிக்கும் தீர்க்கதரிசிகளுக்கு உரியவை, தீர்க்கதரிசி இல்லாத ஊரில் அவை ஏழைகளுக்கு உரியவை.

ஐரோப்பாவில் இந்தக் கொடை வரியாக மாறியது. பிரெஞ்சு நாட்டு மாக்கோன் நகரில் 585-இல் கூடிய ஆயர் மன்றம் தசமபாகம் தராதவரைச் சபையிலிருந்து விலக்குவதாக எச்சரித்தது. 779-இல் சார்லமேன் மன்னர் அதை அரசாணையாகவே ஆக்கினார். இங்கிலாந்தின் வயல்களில் கதிர்க்கட்டுகளை எண்ணி ஒவ்வொரு பத்தாவது கட்டிலும் அடையாளம் வைக்கும்வரை உழவன் தன் ஒன்பது கட்டுகளை வீட்டுக்கு எடுத்துச்செல்ல முடியாதிருந்தது. ஒன்பதை எண்ணி முடித்தபின் பத்தாவதாக வருவதைக் கடவுளுக்கு முதலிடம் என்று அழைப்பதில் உள்ள முரண் அக்காலத்தவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. இன்னும் வேடிக்கை, முதற்பலன் என்ற சொல்லும் தப்பவில்லை: குருவானவர் ஒருவர் பதவியேற்ற முதலாண்டின் வருவாயை உரோமைக்குச் செலுத்தும் கட்டணத்துக்கே அப்பெயர் வழங்கியது, 1534-இல் எட்டாம் ஹென்றி சட்டமியற்றி அதைத் தன் கருவூலத்துக்குத் திருப்பிக்கொண்டார். தசமபாகம் தர மறுத்த குவேக்கர் என்னும் நண்பர் சபையினர் சிறை சென்றனர். பிரான்சில் 1789-ஆம் ஆண்டுப் புரட்சி அந்த வரியை ஒழித்தது. இங்கிலாந்தில் 1836-ஆம் ஆண்டுச் சட்டம் தானியமாகச் செலுத்துவதைப் பணமாக மாற்றியது.

வரி மங்கிய காலத்திலேயே கொடை மீண்டும் தலைகாட்டியது. 1843-இல் கார்ன்வால் கடற்கரையிலுள்ள மார்வென்ஸ்டோ ஊரின் குருவானவர் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் தம் சபையாரை அறுவடைக்கு நன்றி செலுத்தக் கூட்டினார். ஆங்கிலத் திருச்சபையில் பரவிய அந்த வழிபாட்டின் சாயலை அறுப்பின் பண்டிகை என்ற பெயரில் தென்தமிழ்நாட்டுச் சபைகளிலும் காணலாம். பீடத்தின் முன் வாழைத்தாரும் நெல்லும் கருப்பட்டியும் குவிய, ஆராதனை முடிந்ததும் அவை ஏலத்துக்கு வரும். சந்தையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளைப் பல மடங்கு விலைக்கு எடுத்தவரே அதை மீண்டும் ஏலத்துக்கு விடுவதும் உண்டு.

ஆயினும் ஆண்டுக்கொருமுறை வரும் பண்டிகையைவிட அன்றாடம் சமைக்கும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து வைக்கப்படும் பிடியரிசியே ஆழமான வழக்கம். திருநெல்வேலி மாவட்டமாக அன்றிருந்த பகுதியின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே. ச. அசரியா, 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்ற முன்னின்றார். இந்தியரின் பணமும் இந்தியரின் உழைப்பும் இந்தியரின் நிர்வாகமும் என்ற உறுதியோடு அச்சங்கம் தெலுங்கு நாட்டு டோர்னக்கலைத் தன் பணித்தளமாகக் கொண்டது. 1912-இல் ஆங்கிலத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகி டோர்னக்கலுக்குப் பொறுப்பேற்ற அசரியாவின் மக்களுள் பெரும்பாலோர் நிலமற்ற மாலா, மாதிகா கூலியாட்கள். கூலியே தானியமாகக் கிடைத்த அவர்களிடம் காசாகப் பத்தில் ஒன்று கேட்பதில் பொருளில்லை. எனவே கோழியும் தானியமும் காணிக்கையாயின, பெண்கள் சமைக்கும்போது ஒரு பிடியை ஒதுக்கிவைத்தனர்.

வேல்ஸ் நாட்டுப் பிரெஸ்பிட்டேரியன் மிஷன் பணியாற்றிய மிசோ மலைநாட்டில் 1910-இல் இவ்வழக்கம் ‘புஹ்ஃபாய் தாம்’, அதாவது பிடியரிசி, என்ற பெயரில் வேரூன்றியது. உலைக்கு அரிசி அளந்தவுடன், களைவதற்கு முன்பே, ஒரு பிடியை அள்ளித் தனிக்கலத்தில் இடுவதும், சேர்ந்ததைச் சபையின் பெண்கள் வீடுவீடாகச் சென்று திரட்டி விற்பதும் அதன் முறை. நிலமும் பணமும் ஆண்கள் கையில் இருந்த சமூகங்களில், அரிசிப் பானை ஒன்றே பெண்ணின் ஆளுகையில் இருந்தது. அதிலிருந்து கொடுக்க அவள் எவரையும் கேட்க வேண்டியதில்லை. சபைக் கணக்கில் பெண்களின் கொடை தனித்தொகையாக ஏறியதற்கு மறையுரைகளைவிட இந்த ஏற்பாடே பெரிய காரணம் எனலாம். இவ்வழக்கம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளும் பிடியரிசித் திட்டத்தைத் தமிழ்நாட்டு இல்லங்களில் பரப்பினார்.

ஆண்டின் விளைச்சல் குறைந்தால் பத்தில் ஒன்றும் குறையும். பிடி மட்டும் கையின் அளவுக்கே இருக்கும். ஒரு வீட்டில் ஒரு வேளைக்கு ஒரு பிடியாகத் தொடங்கிய மிசோ பெண்களின் காணிக்கை, இன்று ஆண்டுக்குப் பல கோடி ரூபாயாகத் திரண்டு மிசோரத்துக்கு வெளியிலுள்ள மிஷன் பணிகளையும் தாங்குகிறது.