சிபேப் மெஷின் வாங்கியாச்சு, மாஸ்க் போட்டால் தூக்கம் வரலையா? முதல் சில வாரங்களைக் கடப்பது எப்படி?

2023 ஜூன் மாதம். அப்போதைய அமெரிக்க அதிபர் ஜோ பைடன் செய்தியாளர்கள் முன் வந்தபோது, அவரது கன்னத்தில் பட்டையாக ஒரு தடம் தெரிந்தது. அது என்ன என்று கேள்வி எழுந்ததும் வெள்ளை மாளிகை விளக்கம் கொடுத்தது. ஸ்லீப் ஆப்னியா பிரச்னைக்காக அவர் இரவில் சிபேப் கருவி பயன்படுத்துகிறார், அந்த மாஸ்க்கின் பட்டை அழுத்திய தடம்தான் அது.

சிபேப் பயன்படுத்தும் பலருக்கும் இந்தத் தடம் பழக்கமானதுதான். ஆனால் புதிதாக மெஷின் வாங்கிய பலருக்குக் காலையில் கன்னத்தில் தடமே இருக்காது. நள்ளிரவு ஒரு மணிக்கே மாஸ்க் கழன்று தலையணைக்குப் பக்கத்தில் கிடந்திருக்கும். பத்து நாள் இப்படிப் போனால் "எனக்கு இது செட் ஆகல" என்று மெஷின் பீரோவுக்குள் போய்விடும். பிரச்னை மட்டும் அப்படியே இருக்கும்.

தூக்கத்தில் என்ன நடக்கிறது?

நாம் தூங்கும்போது தொண்டைப் பகுதித் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு இந்தத் தளர்ச்சியில் மூச்சுப் பாதையே மூடிக்கொள்கிறது. குறட்டை திடீரென நிற்கும். சில நொடி அமைதி. பிறகு திணறலோடு ஒரு பெரிய மூச்சு. பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்து எழுந்து உட்கார்வார், தூங்குபவருக்கு எதுவும் நினைவிருக்காது.

மூச்சு குறைந்தது 10 நொடி நின்றால் அதை ஒரு ஆப்னியா என்று கணக்கிடுகிறார்கள். மூச்சு முழுதாக நிற்பதும் பெருமளவு குறைவதும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை என்பதுதான் ஸ்லீப் டெஸ்ட் ரிப்போர்ட்டில் வரும் 'ஏஹெச்ஐ' எண். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் தீவிரம். இந்தியாவில் வேலை செய்யும் வயதில் இருப்பவர்களில் சுமார் 10.4 கோடி பேருக்கு இந்தப் பிரச்னை இருக்கலாம் என 2023-ல் வெளியான டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்களின் ஆய்வு மதிப்பிட்டது.

சிபேப் இதை மருந்து எதுவும் இல்லாமல் சமாளிக்கிறது. டியூப் வழியாகச் சீரான அழுத்தத்தில் காற்றை அனுப்பி, தொண்டை மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கிறது. பலரும் நினைப்பதுபோல் இது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை, வருவது அறையில் இருக்கும் அதே காற்றுதான். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் இந்த முறையை உருவாக்கி, ஐந்து நோயாளிகளிடம் கிடைத்த பலனை 1981-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்.

முதல் வாரம் ஏன் முக்கியம்?

ஒருவர் சிபேப்பைத் தொடர்வாரா, விட்டுவிடுவாரா என்பது பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரங்களிலேயே தெரிந்துவிடுகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. எத்தனை மணி நேரம் போடுகிறோம் என்பதும் சாதாரண விஷயம் இல்லை.

2016-ல் வெளியான 'சேவ்' என்ற பெரிய ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ இருந்த 2,700-க்கும் மேற்பட்டோர் இதில் பங்கேற்றனர். இந்தியாவும் ஆய்வு நடந்த நாடுகளில் ஒன்று. சிபேப் பயன்படுத்தியதால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைந்ததாக முடிவு வரவில்லை. ஆனால் அவர்கள் மாஸ்க் போட்டிருந்தது இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான். பாதித் தூக்கத்துக்குக்கூட சிகிச்சை இல்லை. அப்படியிருந்தும் குறட்டை, பகல் தூக்கம், மனநிலை ஆகியவற்றில் முன்னேற்றம் தெரிந்தது.

அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டில், ஒருவர் கருவியை ஒழுங்காகப் பயன்படுத்துகிறார் என்று ஏற்க ஓர் அளவு உண்டு. முதல் மூன்று மாதங்களுக்குள், தொடர்ச்சியான 30 நாட்களில் 70 சதவீத இரவுகளாவது, தலா 4 மணி நேரம். இது பாஸ் மார்க் மாதிரிதான். தூங்கும் நேரம் முழுக்க மாஸ்க் முகத்தில் இருப்பதுதான் இலக்கு.

"மூச்சு முட்டுற மாதிரி இருக்கே!"

முதல் ராத்திரி புகார் பெரும்பாலும் இதுதான். காற்று எதிர்த்து வீசுவதால் மூச்சை வெளியே விடுவதே கஷ்டமாகத் தோன்றும். சிலருக்கு மாஸ்க்கைப் பார்த்தாலே பதற்றம் வரும்.

இதற்கு நல்ல வழி, படுக்கையில் பழகாமல் பகலில் பழகுவது. டிவி பார்க்கும்போது மாஸ்க்கை மட்டும் முகத்தில் பிடித்து உட்காருங்கள். அடுத்த நாள் பட்டையை மாட்டுங்கள். அதற்கடுத்த நாள் மெஷினை ஆன் செய்து அரை மணி நேரம். பிறகு ஒரு மதியத் தூக்கம். அதன் பிறகு ராத்திரி. டிவியில் கவனம் இருக்கும்போது மூளை மாஸ்க்கை மறந்துவிடும். கேட்க வேடிக்கையாக இருந்தாலும், மாஸ்க் பயம் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் பரிந்துரைப்பது இப்படிப் படிப்படியாகப் பழகுவதைத்தான்.

மெஷினிலேயே 'ராம்ப்' என்ற வசதி இருக்கும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, நாம் தூங்கும் நேரத்துக்குள் மெதுவாக முழு அழுத்தத்துக்கு ஏறும். மூச்சை வெளியே விடும்போது மட்டும் அழுத்தத்தைக் குறைக்கும் வசதியும் பல மாடல்களில் உண்டு. இவை ஆஃப் ஆகி இருப்பது தெரியாமலேயே வாரக்கணக்கில் அவதிப்படுபவர்கள் உண்டு. மெஷின் கொடுத்தவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆனால் டாக்டர் நிர்ணயித்த அழுத்தத்தை மட்டும் நீங்களாக மாற்ற வேண்டாம்.

காற்று லீக் ஆனால் பட்டையை இறுக்கலாமா?

லீக் சத்தம் கேட்டதும் எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். பெரும்பாலும் தவறும் இதுதான். மாஸ்க்கின் மெத்தைப் பகுதி காற்றால் உப்பி முகத்தோடு ஒட்டும்படி செய்யப்பட்டது. அளவுக்கு மீறி இறுக்கினால் அது மடங்கி இன்னும் அதிகமாக லீக் ஆகும். மூக்குத் தண்டில் புண் வருவதும் இதனால்தான்.

மாஸ்க்கை உட்கார்ந்து மாட்டினால் மட்டும் போதாது. மெஷினை ஆன் செய்து, நீங்கள் வழக்கமாகப் படுக்கும் வாகில் படுத்துக்கொண்டு பட்டையைச் சரிசெய்யுங்கள். படுத்ததும் முகத்தின் வடிவமே கொஞ்சம் மாறிவிடும். பிறகு மாஸ்க்கை லேசாக முன்னால் இழுத்து விட்டால் மெத்தை காற்றில் உப்பிச் சரியாக உட்காரும். படுக்கும் முன் முகம் கழுவி எண்ணெய்ப் பசையைத் துடைப்பதும் உதவும். தலைக்கு எண்ணெய் வைத்துப் படுக்கும் பழக்கம் இருந்தால் அதைக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று வகை மாஸ்க்குகள் பரவலாக உள்ளன. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துவது, மூக்கை மூடுவது, மூக்கு, வாய் இரண்டையும் மூடுவது. மீசை, தாடி உள்ளவர்களுக்கு முதல் வகை பலமுறை கைகொடுக்கும். வாயைத் திறந்து தூங்குபவருக்கு மூன்றாவது தேவைப்படலாம். கடைக்காரர் பெட்டியில் வைத்துக் கொடுத்த மாஸ்க்தான் நமக்கென்று விதி இல்லை. மெஷின் ஒத்துவரவில்லை என்று நினைக்கும் பலருக்கு ஒத்துவராதது மாஸ்க் மட்டுமே. வாங்கும் முன்பே, மாஸ்க் மாற்றித் தருவார்களா, சில வாரம் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஒரு எச்சரிக்கை. சில மாஸ்க்குகளின் கொக்கியில் காந்தம் இருக்கும். பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலில் பொருத்தியவரோ, அவர் பக்கத்தில் படுப்பவரோ இருந்தால் காந்தம் இல்லாத மாஸ்க்கைக் கேட்டு வாங்க வேண்டும்.

வாய் வறட்சி, மூக்கடைப்பு, வயிற்று உப்புசம்

காலையில் வாய் காய்ந்து போயிருந்தால், ராத்திரி வாய் வழியாகக் காற்று வெளியேறுகிறது என்று அர்த்தம். ஹ்யூமிடிஃபையர் அளவைக் கூட்டிப் பார்க்கலாம். அதிலும் தீராவிட்டால் மாஸ்க் வகையை மாற்ற வேண்டியிருக்கும். இணையத்தில் பார்த்துவிட்டு டாக்டரைக் கேட்காமல் வாயில் டேப் ஒட்டிக்கொள்வது வேண்டாம்.

மூக்கடைப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கித் தொடர்ந்து விட்டால், சில நாளில் அதுவே அடைப்பை அதிகமாக்கும். உப்புநீர் ஸ்ப்ரே பாதுகாப்பானது. அலர்ஜி இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்ப்பது நல்லது.

ஏசி அறையில் டியூப்புக்குள் தண்ணீர் கோத்து முகத்தில் சொட்டுவதும் உண்டு. மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வையுங்கள், டியூப்புக்குத் துணி உறை போடுங்கள், ஈரப்பத அளவைக் கொஞ்சம் குறையுங்கள்.

ஏப்பம், வயிறு உப்பலாக இருந்தால் காற்றை விழுங்குகிறீர்கள். அழுத்தத்தை மாற்ற வேண்டுமா என்று டாக்டர்தான் முடிவு செய்வார்.

என்ன தண்ணீர் ஊற்றுவது?

ஹ்யூமிடிஃபையருக்கு டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீர் ஊற்றினால் சீக்கிரமே உப்புப் படியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அது மூச்சுக்குள் போவதற்கானது இல்லை. மீதித் தண்ணீரைத் தினமும் காலையில் கொட்டிவிடுங்கள். மாஸ்க்கைத் தினமும், டியூப்பை வாரம் ஒருமுறை, மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காய வைக்கவும். நம் ஊர் வழக்கப்படி மொட்டைமாடி வெயிலில் போட்டால் பிளாஸ்டிக்கும் சிலிக்கானும் சீக்கிரம் கெட்டுப்போகும். தூசி அதிகமுள்ள தெருவில் வீடு இருந்தால் ஃபில்டரை அடிக்கடி பாருங்கள்.

"கரண்ட் போனா மூச்சு நின்னுடுமா?"

நிற்காது. வாயையும் மூடும் மாஸ்க்கில், மெஷின் நின்றதும் வெளிக்காற்று உள்ளே வர வால்வு திறந்துகொள்ளும். மூக்கு மாஸ்க் என்றால் வாய் திறந்தே இருக்கிறது. பெரும்பாலும் விழிப்பு வந்துவிடும், மாஸ்க்கைக் கழற்றிவிடலாம். சிபேப் இல்லாமல் தூங்கிய பழைய ராத்திரிகளைப் போலத்தான் அந்த நேரமும்.

வீட்டு இன்வெர்ட்டரில் மெஷினை இணைக்கலாமா என்பதைக் கருவியின் கையேட்டிலோ விற்பனையாளரிடமோ உறுதி செய்துகொள்ளுங்கள். ஹ்யூமிடிஃபையரை ஆஃப் செய்தால் பேட்டரி கூடுதல் நேரம் வரும். ரயில் பயணத்தில் பெட்டியில் உள்ள செல்போன் பாயிண்டை நம்ப முடியாது, இரவில் அதில் மின்சாரத்தை நிறுத்துவதும் உண்டு.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

மெஷின் தினமும் ஒரு கணக்கு காட்டும். எத்தனை மணி நேரம் போட்டீர்கள், லீக் எவ்வளவு, ஏஹெச்ஐ எவ்வளவு. ஏஹெச்ஐ 5-க்குக் கீழே இறங்குவதுதான் பொதுவான இலக்கு. ஒரு ராத்திரி எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம், இரண்டு வாரப் போக்கைப் பாருங்கள். எண் குறையவே இல்லை, அல்லது எண் குறைந்தும் பகலில் தூக்கம் தள்ளுகிறது என்றால், அந்த விவரங்களோடு டாக்டரைப் பார்க்க வேண்டும். அரிதாகச் சிலருக்கு, மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளை தடைபடும் வேறு வகை ஆப்னியா சிகிச்சை தொடங்கிய பிறகு தெரியவரும். அதுவும் இந்தக் கணக்கில்தான் அகப்படும்.

பழைய மெஷின் வாங்குபவர்கள் மாடல் எண்ணைச் சரிபார்ப்பது அவசியம். உள்ளே இருக்கும் ஒலித்தடுப்பு ஃபோம் சிதைவதாகக் கூறி, பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் பல மாடல்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது.

தூக்கத்தில் தன்னை அறியாமல் மாஸ்க்கைக் கழற்றிவிடுவது ஆரம்பத்தில் சகஜம். விழிப்பு வந்ததும் திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள், மணி மூன்றானாலும் சரி. சிலருக்கு முதல் வாரத்திலேயே பகல் சோர்வு குறையும், சிலருக்கு ஒன்றிரண்டு மாதம் ஆகும். அதுவரை, குறிப்பாக லாரி, பஸ், டாக்ஸி ஓட்டுபவர்கள், கண்ணைச் சொக்கும் நாளில் ஸ்டியரிங் பிடிக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைப்பதும் டீ குடிப்பதும் அந்தத் தூக்கத்தை நிறுத்தாது.