பொன்னி வந்த வழி

மயிலாடுதுறை அரிசிக் கடையில் பொன்னி கேட்டால் "புதுசா, பழசா? பச்சையா, புழுங்கலா?" என்பார்கள். அது எந்த ஊர் நெல் என்று யாரும் விசாரிப்பதில்லை. காவிரியின் பெயரையே வைத்திருக்கும்போது விசாரிக்க என்ன இருக்கிறது? ஊர் ஆற்றங்கரையில் துலாக் கட்டம் உள்ள காலத்திலிருந்தே இதுவும் உண்டு என்று நினைத்துக்கொள்கிறோம். அதன் ஜாதகத்தைப் புரட்டினாலோ, முதல் பக்கத்தில் ஜப்பானிய மீனவப் பெண்கள் நிற்கிறார்கள்.

1918இல் அரிசி விலை எகிறியபோது, டொயாமா கடற்கரையில் வெளியூருக்கு மூட்டை ஏற்றுவதை அவர்கள் மறித்தார்கள். கலகம் நாடெங்கும் பரவி, பிரதமர் தெரௌச்சி பதவி விலகினார். மிரண்ட அரசு, தன் காலனியான தைவானில் ஜப்பானிய நாக்குக்கேற்ற நெல்லை விளைவிப்பதில் மும்முரமானது. அந்த நெல்லோ தைவான் வெயிலில் அவசரப்பட்டுக் கதிர் தள்ளியது. நாற்றை இளசாகப் பறித்து நட்டால் போதும் என்று ஆய்வாளர்கள் இசோ எய்கிச்சியும் சுயெனாகாவும் கண்டுபிடித்தார்கள். (இளநாற்று நடவு நேற்று வந்தது என்று நினைக்கும் டெல்டாக்காரர்கள் கவனிக்க.) அந்த வழியில் 1920களின் இறுதியில் வந்தது தைச்சுங் 65 என்ற நெல் ரகம்.

1942இல் பர்மா ஜப்பானிடம் விழுந்ததும் அங்கிருந்து இந்தியாவுக்கு வந்த அரிசி நின்றது. மறு ஆண்டு வங்காளப் பஞ்சம். போர் முடிந்தும் தட்டுப்பாடு தீரவில்லை. உரத்தைத் தாங்கும் ஜப்பானிய நெல்லையும் நம் வெப்பநாட்டு நெல்லையும் கலந்து பார்க்கலாமே என்றது ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு. 1950களில் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அந்த வேலை நடந்தது. தைச்சுங் 65ஐ மலாயாவின் மாயாங் எபோஸ் 80உடன் சேர்த்தார்கள். கலப்பு விதை மலாயா போய், அங்கே தேர்ந்து தேறி, 1965இல் மசூரி என்று வெளிவந்தது. லங்காவித் தீவில் பொய்ப்பழிக்குப் பலியாகி, ஏழு தலைமுறைக்குச் சாபமிட்டதாகச் சொல்லப்படும் பெண்ணின் பெயர் அது. நம் பூம்புகார்க் கண்ணகிக்குத் தூரத்து உறவு எனலாம்.

1960களின் பிற்பகுதியில் மசூரி இந்தியா வந்தது. ஆந்திராவில் சோதித்தவர்கள், பயிர் சாய்கிறது என்று ஒதுக்கிவிட்டார்களாம். பண்ணைக் கூலியாள் ஒருவர் கொண்டுபோன விதைதான் கைக்குக் கை மாறிப் பரவியது என்று ஒரு கதை உண்டு. ஒதுக்கியவர்களையும் குறை சொல்ல முடியாது. ஐப்பசி கார்த்திகையில் ஒரு காற்றுமழை வந்தால் பொன்னி இன்றும் படுத்துவிடும். ஆனாலும் சன்னமான அந்தச் சோற்றை ருசித்தவர்கள் விடவில்லை.

தமிழ்நாட்டில் மசூரிக்குப் பொன்னி என்ற பெயர் கிடைத்தது. 1986இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெள்ளைப் பொன்னியை வெளியிட்டது. அதே ஆண்டு ஆந்திராவின் பாபட்லாவிலிருந்து பி.பி.டி. 5204 வந்தது. அதன் பெற்றோரில் மசூரியும் உண்டு, கோயம்புத்தூரில் பிறந்த ஜி.இ.பி. 24 என்ற கிச்சிலி சம்பாவும் உண்டு. இன்று நம் சம்பா வயல்களில் கால் பதித்திருக்கும் இந்த நெல், 'ஆந்திரா பொன்னி' என்ற பெயரில் மூலப் பொன்னியின் சந்தையிலேயே பங்கு கேட்கிறது.

பெயரை மட்டும் எடுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். மலேசிய நிறுவனம் ஒன்று 'பொன்னி'யை அங்கே தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்தது. இந்தியாவின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபேடா அதை எதிர்த்து அங்குள்ள நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு நடந்த நாட்டில்தான் அந்த நெல்லே தேறி வெளிவந்தது என்பது வாதிட்டவர்களில் எத்தனை பேருக்கு நினைவிருந்ததோ!