ஒருமுறை மட்டுமே வழங்கப்பட்ட விருது: முதல் ஆஸ்கர் விழாவும் எழுத்தட்டையின் மறைவும்

முன்னுரை

ஒரு கலை தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் காலத்தில் வழங்கப்படும் விருதுகள் அக்காலத்தின் மதிப்பீடுகளை மட்டுமன்றி, அதன் தடுமாற்றங்களையும் பதிவுசெய்கின்றன. ஹாலிவுட்டில் 1929ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் நடைபெற்ற முதல் அகாதமி விருது விழா இதற்குத் தக்க சான்றாகும். இவ்விழாவைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் வென்ற படங்களையும் நடிகர்களையுமே பேசுகின்றன. அவ்விழாவில் வழங்கப்பட்டுப் பின்னர் ஒருபோதும் வழங்கப்படாத எழுத்தட்டை விருதை முன்வைத்து, பேசும்படத்தின் வருகையால் திரையில் எழுத்தின் இடம் மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

விழாவும் காலமும்

ஹாலிவுட் ரூஸ்வெல்ட் விடுதியில் சுமார் 270 பேர் கூடிய விருந்தாக இவ்விழா நிகழ்ந்தது. நுழைவுக் கட்டணம் 5 டாலர். டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் தலைமையில் ஏறத்தாழ 15 நிமிடங்களில் விருதுகள் வழங்கி முடிக்கப்பட்டன. வென்றோர் பெயர்கள் பிப்ரவரி மாதமே அறிவிக்கப்பட்டிருந்தமையால், எதிர்பார்ப்புக்கும் இடமில்லை.

இங்குக் கருதத்தக்கது காலக்கணக்கே. 1927 ஆகஸ்டு முதல் 1928 ஜூலை வரை வெளியான படங்களே போட்டிக்கு உரியனவாக இருந்தன. அக்காலத்திற்கும் விழா நாளுக்கும் இடைப்பட்ட பத்து மாதங்களுக்குள் ஹாலிவுட் படப்பிடிப்பு நிலையங்கள் ஒலிக்கு மாறத் தொடங்கிவிட்டன. எனவே, விழாவில் பாராட்டப்பட்டது பெரும்பாலும் விடைபெற்றுக்கொண்டிருந்த ஓர் உலகமே எனலாம். சிறந்த படமாகத் தேர்வுபெற்ற 'விங்ஸ்', தனித்தன்மையும் கலைநயமும் மிக்க படைப்பு என்னும் பிரிவில் வென்ற 'சன்ரைஸ்' ஆகிய இரண்டும் உரையாடல் அற்ற படங்களே.

1927 அக்டோபர் 6ஆம் நாள் வெளியான 'த ஜாஸ் சிங்கர்' அகாதமிக்குச் சிக்கலை உண்டாக்கியது. பேசும்படத்தை மௌனப்படங்களோடு மோதவிடுவது முறையாகாது எனக் கருதப்பட்டமையால், அது சிறந்த படத்திற்கான போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. ஆனால், அதனைத் தயாரித்த வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்திற்குச் சிறப்பு விருது அளிக்கப்பட்டது. ஒருபுறம் ஒதுக்கி, மறுபுறம் போற்றிய இந்த இரட்டை நிலை மாறுதல் காலத்தின் மனநிலையைக் காட்டுகிறது. அப்படமேகூடப் பெரும்பகுதி எழுத்தட்டைகளால் நகர்வது என்பதும், பேச்சு சில இடங்களில் மட்டுமே இடம்பெறுகிறது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கன.

எழுத்தட்டை எழுதுவோர்

மௌனப்படத்தில் காட்சிகளுக்கிடையே தோன்றிய எழுத்தட்டை உரையாடலையும் கதைத் தொடர்பையும் சுமந்தது. படப்பிடிப்பு முடிந்து தொகுப்பு நிகழும் கட்டத்தில் இதனை எழுதுவதற்கென்றே தனி எழுத்தாளர்கள் இருந்தனர். சில நொடிகளுக்குள் படித்து முடிக்கத்தக்க சுருக்கம் இவ்வெழுத்தின் இலக்கணம். 'சன்ரைஸ்' படத்தில் மனைவியை நீரில் மூழ்கடிக்கத் தூண்டும் சொற்கள் திரையிலேயே உருகிக் கீழிறங்குகின்றன. எழுத்து பொருளை உணர்த்துவதோடு நில்லாமல் தானே காட்சியாகவும் மாறியமைக்கு இது சான்று.

முதல் விழாவின் 12 பிரிவுகளுள் எழுத்தட்டைக்கான விருதும் ஒன்று. அதனைப் பெற்றவர் ஜோசப் ஃபார்னம். அதே பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட ஜெரால்டு டஃபி 1928ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். இறந்தபின் பரிந்துரைக்கப்பட்ட முதல் கலைஞர் அவரே. அடுத்த விழாவில் பிரிவுகள் ஏழாகக் குறைக்கப்பட்டபோது எழுத்தட்டை விருதும் நீக்கப்பட்டது. 1930 ஏப்ரலில் நடந்த அவ்விழாவில் 'த பிராட்வே மெலடி' என்னும் பேசும்படம் சிறந்த படமாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் நடந்த மூன்றாம் விழாவில் ஒலிப்பதிவுக்கென முதன்முறையாக விருது வழங்கப்பட்டது. எழுத்தட்டைக்கான விருது மறைந்த ஒன்றரை ஆண்டுக்குள் ஒலிக்கு விருது தோன்றியது என்பது இதனால் பெறப்படுகிறது.

எழுத்து உரையாடலாக மாறித் தொடர்ந்தது, ஆதலால் இழப்பேதும் இல்லை என்று வாதிடலாம். ஆயின், எழுத்தட்டை கண்ணுக்குரியது, உரையாடல் செவிக்குரியது. மேலும், அட்டையை மாற்றினால் படம் மொழி கடந்து செல்லும். நடிகரின் குரலை அவ்வாறு எளிதில் மாற்றவியலாது. சிறந்த நடிகருக்கான முதல் விருதைப் பெற்ற எமில் ஜானிங்ஸ், ஜெர்மானிய ஒலிப்புடைய தம் ஆங்கிலம் பேசும்படத்திற்கு ஏலாத நிலையில், விழாவிற்கு முன்பே தாய்நாடு திரும்பினார். அவர் பெற்ற விருது, பேசாத நடிப்புக்கு உரியது.

இந்தியச் சூழல்

இம்மாற்றம் பல மொழிகள் வழங்கும் இந்தியாவில் இன்னும் ஆழமான விளைவைத் தந்தது. நடராஜ முதலியார் சென்னையில் உருவாக்கிய 'கீசக வதம்' உள்ளிட்ட மௌனப்படங்கள் பல மொழி எழுத்தட்டைகளுடன் வெளிவந்தன. படிக்கத் தெரியாதோர்க்கு அவற்றை உரக்கப் படித்துக்காட்டுவோரும் இருந்தனர். 1931 அக்டோபர் 31ஆம் நாள் வெளியான 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும்படமாகக் கொள்ளப்படுகிறது. அதில் தமிழோடு தெலுங்கும் இடம்பெற்றமை, ஒரு படம் ஒரு மொழிக்கே உரியது என்னும் நிலை அப்போது உறுதிப்படவில்லை என்பதை உணர்த்துகிறது. பின்னரே மொழிவாரித் திரையுலகங்கள் வேரூன்றின. தமிழ்த் திரைப்படம் எனத் தனியே சுட்டத்தக்க ஒன்று வலுப்பெற்றதற்குப் பேச்சின் வரவே அடிப்படை.

முடிவுரை

விருதுப் பட்டியலில் தொடரும் பிரிவுகள் ஒரு கலையின் வளர்ச்சியைக் காட்டுகின்றன. நீக்கப்பட்ட பிரிவுகளோ அக்கலை கைவிட்டதைக் காட்டுகின்றன. முன்னதை மட்டும் படிக்கும் வரலாறு வென்றவர்களின் வரலாறாகவே அமையும். ஃபார்னம் பெற்ற விருது, எழுத்தைத் தொழிலாகக் கொண்ட ஒரு பிரிவினர் திரையில் இருந்தனர் என்பதற்கு எஞ்சிய சான்று. தமிழ் மௌனப்படங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. 'கீசக வத'மும் இன்று இல்லை. எனவே, அவற்றின் எழுத்தட்டைகளை எழுதியோர், அவற்றில் வழங்கிய உரைநடை ஆகியவை குறித்து விளம்பரத் துண்டறிக்கைகள், இதழ்க் குறிப்புகள் வழியே தேடுவது தமிழ் உரைநடை வரலாற்றாய்வின் கடமையாகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சுக்கு வெளியே பொதுமக்கள் கூட்டமாகப் படித்த தமிழ் அதுவே.