அளந்த நீரும் அளவாத நீரும்



வீட்டுக் குழாயில் நீர்மானி பொருத்தினால் செலவு குறையுமா, கூடுமா? பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி, வீட்டு வாடகையோடு நீர்க் கட்டணத்தையும் எண்ணிப் பார்த்துச் செலவிடும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கு இவ்வினா புதியதன்று. ஒரு குடும்பத்தின் அளவில் இது சிறியதாகத் தோன்றலாம். ஆயினும், தமிழகத்தின் மேற்கு எல்லையில் இரண்டு அரசுகள் இதே வினாவை முன்வைத்து நெடுங்காலம் வழக்காடியிருக்கின்றன. இடுக்கி எல்லையில் பெரியாற்று நீர் அளக்கப்படாமல் மொத்த வாடகைக்குக் கொடுக்கப்பட்டது. பாலக்காட்டு எல்லையிலோ நீர் அளந்து விடப்படுகின்றது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குவோமாயின், நீர்மானி யாருக்கு இலாபம் தருவது என்பது விளங்கும்.

1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் ஆங்கிலேய இந்திய அரசுக்கும் இடையே பெரியாற்றுக் குத்தகை கையெழுத்தாயிற்று. குத்தகைக் காலம் 999 ஆண்டுகள். நீரில் மூழ்கும் நிலம் 8,000 ஏக்கர் எனக் கொண்டு, ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை குறிக்கப்பட்டது. திருவிதாங்கூர் செலுத்த வேண்டிய கப்பத்தில் இத்தொகை கழித்துக்கொள்ளப்பட்டது. கர்னல் பென்னிகுயிக் எழுப்பிய அணை 1895ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மேற்கே பாய்ந்து கடலில் கலந்த நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கையும் மதுரைச் சீமையையும் வளப்படுத்தியது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வாடகை நிலத்துக்கே அன்றி நீருக்கு அன்று. சுரங்கத்தின் வழியே எவ்வளவு நீர் சென்றாலும் வாடகை ஒன்றே. நீரைப் பெற்ற சென்னை மாகாணத்துக்கு இது பேரிலாபம்; பாசனம் பெருகப் பெருகச் செலவு பெருகவில்லை. கொடுத்த திருவிதாங்கூருக்கோ, மழை பெய்தாலும் பொய்த்தாலும் குறையாத வருமானம் ஒன்றே ஆறுதல். அந்த வருமானமும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தன் மதிப்பை இழந்தது. மொத்தக் கட்டணத்தின் இயல்பு இதுவே: மிகுதியாகப் பயன்படுத்துவோர் அதனை விரும்புவர், கொடுப்போர் காலப்போக்கில் வருந்துவர்.

பின்னர் அந்நீரைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கச் சென்னை அரசு முற்பட்டபோது, பாசனத்துக்கென்று கொடுத்த நீரை வேறு பயனுக்குக் கொள்ளலாகாது என்று திருவிதாங்கூர் தடுத்தது. நடுவராக அமர்ந்த சர் நளினி ரஞ்சன் சட்டர்ஜி 1941ஆம் ஆண்டு திருவிதாங்கூருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். இவ்வழக்கு 1970ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட துணை ஒப்பந்தங்களால் தீர்ந்தது. நில வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. அதன்படி 8,000 ஏக்கருக்கு ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் ஆகின்றது. மின்சாரத்துக்கோ வேறொரு முறை வகுக்கப்பட்டது. 8,760 யூனிட்டுக்கு 12 ரூபாய் வீதமும், ஆண்டு உற்பத்தி 35 கோடி யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு 18 ரூபாய் வீதமும் கேரளத்துக்குச் செலுத்த வேண்டும். 35 கோடி யூனிட்டுக்கு இது ஏறக்குறைய 4,79,000 ரூபாய். ஆகவே, நீருக்கு வைக்கப்படாத மானி மின்சாரத்துக்கு வைக்கப்பட்டது. அளந்து பெற்ற வருமானம் அளக்காமல் பெற்ற வாடகையினும் மிகக்கூடியதாயிற்று.

மொத்த வாடகைக்கு மற்றொரு முகமும் உண்டு. அணையின் பாதுகாப்பைப் பற்றி அச்சம் எழுந்ததனால் 1979ஆம் ஆண்டு நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க இசைந்தது. தேங்கும் நீர் குறைந்த காலத்தில் வாடகை அதற்கேற்பக் குறையவில்லை. ஏனெனில் கணக்கு ஏக்கர்க் கணக்கேயன்றி நீர்க் கணக்கன்று. மிகுதியாகப் பெறுங்கால் இலாபமாக இருந்த அதே முறை, குறைவாகப் பெறுங்கால் சுமையாக மாறுகின்றது.

இனிப் பாலக்காட்டு எல்லைக்குச் செல்வோம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி முதலிய ஊர்களில் தமிழ் பேசும் உழவர் மிகுதி. அது மழை குறைந்த பகுதி. அங்குள்ள சித்தூர்ப் பாசனத்துக்கு உயிர்நாடி ஆழியாற்றிலிருந்து வரும் நீர். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தமும் 1970ஆம் ஆண்டே கையெழுத்தாயிற்று. 1958 நவம்பர் முதலே அது நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி ஆண்டுதோறும் ஜூலை முதல் ஜூன் வரை 725 கோடி கன அடி நீர் மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். அணைக்கட்டின் மேல் வழியும் நீரின் உயரத்தைக் கொண்டு அளவைக் கணக்கிடலாம். வீட்டுக்குப் பித்தளை மானி எப்படியோ, இரு மாநிலங்களுக்கு மணக்கடவு அப்படி.

மழை பொய்த்த ஆண்டுகளில் இங்கும் பூசல் எழுவது உண்டு. அளவைக் கருவி மழையைத் தராது. ஆயினும் அங்கே வழக்கு, இன்னும் எவ்வளவு வரவேண்டும் என்பதைப் பற்றியது. கீழ்மடை உழவனுக்குத் தன் பங்கைக் கேட்க ஓர் எண் இருக்கின்றது. அளவையின் முதற்பயன் பணம் மிச்சமாவதன்று. நியாயம் கேட்க வழி பிறப்பதே.

இவற்றை வீட்டுக் கணக்குக்குப் பொருத்திப் பார்ப்போம். மொத்தக் கட்டணம் மாதம் 300 ரூபாய் என்றும், நீர்மானி இருந்தால் நிலைக்கட்டணம் 60 ரூபாயும், ஆயிரம் லிட்டருக்கு 15 ரூபாயும் என்றும் வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 100 லிட்டர் செலவிடும் நால்வர் குடும்பத்துக்கு மாதம் 12,000 லிட்டர் ஆகும். கட்டணம் 240 ரூபாய். மாதம் 60 ரூபாய் மிச்சம். எழுவர் உள்ள குடும்பத்துக்கோ 21,000 லிட்டர். கட்டணம் 375 ரூபாய். அவர்களுக்கு 75 ரூபாய் நட்டம். இரண்டும் சமமாகும் எல்லை 16,000 லிட்டர். மானியின் விலை 2,400 ரூபாயானால், நால்வர் குடும்பம் அதனை மீட்க 40 மாதங்கள் செல்லும். அதற்குள் வீடு மாற நேரும் வாடகைக் குடித்தனக்காரர், மானியின் விலையை வீட்டுக்காரரே ஏற்கும்படி கேட்பது முறை.

ஊருக்கு ஊர் விதி வேறுபடும் என்பதையும் மறத்தலாகாது. டெல்லியில் 2014ஆம் ஆண்டு மாதம் 20,000 லிட்டர் இலவசம் என்ற சலுகை வந்தபோது, அது நீர்மானி உள்ள இணைப்புகளுக்கே கிடைத்தது. அளவைத் தாண்டினால் முழுவதற்கும் கட்டணம் செலுத்த வேண்டியதாயிற்று. அங்கே மானி இல்லாமை தானே நட்டம். கேரளத்தில் 2023ஆம் ஆண்டு நீர்க் கட்டணம் லிட்டருக்கு ஒரு காசு உயர்ந்தது. ஒரு காசு தானே என்று எண்ணலாம். மணிக்குப் பத்து லிட்டர் கசியும் குழாய் மாதத்தில் 7,200 லிட்டரை வீணாக்கும். அவ்வுயர்வால் மட்டும் 72 ரூபாய் கூடும்.

கசிவைக் கண்டறியும் வழி எளியது. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மானியின் எண்ணைக் குறித்துக்கொள்க. காலையில் எண் நகர்ந்திருந்தால் எங்கோ நீர் ஒழுகுகின்றது என்று அறிக. மேல்தொட்டி இருப்பின் அது நிரம்பிய பின்னரே இச்சோதனையைச் செய்தல் வேண்டும். விட்டுவிட்டு நீர் வரும் ஊர்களில் குழாயிலுள்ள காற்றும் மானியைச் சுழற்றும். ஐயமிருந்தால் மானியைச் சோதிக்கக் கேட்பது நுகர்வோர் உரிமை.

சிறு குடும்பத்துக்கும் கசிவை உடனே அடைப்போருக்கும் நீர்மானி பணம் காக்கும். பெருங்குடும்பத்துக்கு அது செலவைக் கூட்டலாம். ஆகவே, கட்டண விதியை முதலில் கேட்டறிந்து, ஒரு மாத நீர்ச் செலவைக் குடக் கணக்கிலேனும் எழுதிப் பார்த்து, அதன் பின்னர் முடிவு செய்வதே அறிவுடைமை. பெரியாற்றுக் குத்தகை எழுதிய நாளில் திருவிதாங்கூர் அந்தக் கணக்கைப் போடவில்லை. அதன் விளைவாக எழுந்த வழக்கு நெடுங்காலம் நீடித்தது.